‘இன்று’ என்று எழுதிய ஒரு செய்தி: குன்னூர் மலைப்பாதையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நவம்பர் மாதம், விடியற்காலை இரண்டரை மணி. கேத்தியில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் லாரியில் ஏறி உட்கார்ந்து போனைப் பார்த்தார். பின்னால் கழுவி மூட்டை கட்டிய கேரட். மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் தொடங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும். டிரைவர்கள் குரூப்பில் ஒரு படம் வந்திருந்தது. நீலப் பட்டை, மழை பெய்யும் சாலையின் போட்டோ, அதன் மேல் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: ‘குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு: இன்று போக்குவரத்து நிறுத்தம்.’

முந்தின நாள் மாலையிலிருந்து மழை. நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை. குன்னூர் வரை போய், அங்கிருந்து கோத்தகிரி பக்கம் திருப்பினார். சுமார் இருபது கிலோமீட்டர் கூடுதல் சுற்று. மூடுபனியில் கோத்தகிரி தாண்டி, குஞ்சப்பனை வழியாக இறங்கி மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் ஏலம் முடிந்திருந்தது. அவருக்குப் பிறகு கிளம்பிய ஒரு வண்டி, நேராக பர்லியார் வழியாக இறங்கி, சரக்கை விற்று, டீயும் குடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. அந்தச் சாலையில் அன்றைக்கு மண்ணும் சரியவில்லை, ஒன்றும் ஆகவில்லை.

மாலையில் அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். “தம்பி, இது உங்க ஆபீஸ்ல போட்டது தானுங்க?”

வாங்கிப் பார்த்தேன். பட்டை, எழுத்துரு எல்லாம் தெரிந்தவை. அந்த வரியை எழுதியதே நான்தான். எழுதியது அதற்கு முந்தைய வருஷ நவம்பரில். அன்றைக்கு உண்மையிலேயே மண் சரிந்தது, சாலையை மூடினார்கள், மறுநாள் மதியம் திறந்தார்கள். செய்தியில் ஒரு தவறும் இல்லை. ஒரு வருஷம் கழித்து அதே செய்தி ஒருவருடைய ஒரு நாள் வருமானத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. வானொலிச் செய்தி இணையத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் போகும்போது என்ன ஆகிறது என்பதைப் பெரிய நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளை விட இந்த வரி எனக்குத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தது.

வானொலித் தாளிலிருந்து தலைப்புப் பெட்டிக்கு

அப்போது நான் ஒரு சிறிய செய்தி அறையில் தற்காலிகமாக வேலை பார்த்தேன். வானொலியில் வாசித்த செய்தியை இணையத்துக்கு ஏற்ற மாதிரி எழுதித் தருவது வேலை. அறையின் பெயர் இங்கே முக்கியமில்லை. தவறு என் கையில் நடந்தது.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வாசிப்பாளர் படித்த தாள் கணினியில் வரும். பாதி நாள் அது பழைய எழுத்துருவில் இருக்கும். ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாக விழும். அதை எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றியில் போட்டாலும் ஒற்றெழுத்துகள் இடம் மாறும், கொம்பு தனியாக நிற்கும். அவசரத்தில் பலர் கண்டுபிடித்த குறுக்குவழி, எழுத்தைப் படமாக்கிவிடுவது. படத்தில் எந்த எழுத்துருவும் சரியாகத் தெரியும். தமிழ்ச் செய்தி உலகில் பட அட்டைகள் இவ்வளவு பெருகியதற்கு அழகுணர்ச்சியைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. பாதிக் காரணம் இந்த எழுத்துருத் தொல்லைதான் என்பது என் எண்ணம்.

சரி, அன்றைய தாளில் என்ன இருந்தது? ‘குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் இன்று அதிகாலை ஏற்பட்ட மண்சரிவால் போக்குவரத்து நிறுத்தப்பட்டுள்ளது. வாகனங்கள் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடப்படுகின்றன.’ வானொலிக்கு இது கச்சிதமான செய்தி. ‘இன்று’ என்று சொன்னால் எந்த நாள் என்று கேட்பவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அந்த நாளில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். செய்திக்கு முன்பே அறிவிப்பாளர் நேரத்தைச் சொல்லியிருப்பார். நிலையத்தின் பெயர் வந்திருக்கும். ‘செய்திகள் வாசிப்பது’ என்று வாசிப்பவரின் பெயர் வந்திருக்கும். 2022-ல் காலமான சரோஜ் நாராயண்சுவாமியின் குரலை டெல்லியிலிருந்து கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த முன்னறிவிப்பே செய்திக்கு வைத்த முத்திரை. முடிவில் தலைப்புச் செய்திகளை இன்னொரு தடவை சொல்லி, ‘இத்துடன் செய்திகள் முடிவடைந்தன’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள்.

தேதியும் நேரமும் இடமும் வாக்கியத்துக்குள் இருந்ததே இல்லை. நிலையம்தான் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. வாக்கியத்தை மட்டும் பிடுங்கி வெளியே எடுத்தால் தேதி நிலையத்திலேயே தங்கிவிடும். நான் செய்தது அதைத்தான்.

அதற்கு உடந்தையாக இன்னொன்றும் இருந்தது. எங்கள் தளத்தின் தலைப்புப் பெட்டி 75 குறிகளுக்கு மேல் ஏற்காது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் கணக்கு வேறு. ‘மேட்டுப்பாளையம்’ என்று எழுதினால் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் மெய்யெழுத்தின் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. கணினி அதை 15 என்று எண்ணும். முதலில் நான் தலைப்பில் ‘நவம்பர் 14’ என்றுதான் போட்டேன். மொத்தம் 77 வந்தது. பெட்டி சிவப்பானது. ‘நவம்பர் 14’ என்பதை எடுத்து ‘இன்று’ என்று போட்டேன். 72. பெட்டி பச்சையானது. பதிவேற்றினேன். அதே தலைப்பை வடிவமைப்பவர் படத்தில் போட்டார். படம் வாட்ஸ்அப்புக்குப் போனது.

இரண்டு குறி இடத்துக்காகத் தேதியைத் தள்ளியிருக்கிறேன். ‘போக்குவரத்து நிறுத்தம்’ என்பதை ‘சாலை மூடல்’ என்று சுருக்கியிருந்தால் இடம் மிச்சமாகியிருக்கும். வானொலித் தாளின் சொற்கள் கம்பீரமாக இருந்தன, அவற்றைத் தொட மனம் வரவில்லை. தேதியை மட்டும் தொட்டேன்.

மறுநாள் மதியம் சாலை திறந்தது. அதையும் செய்தியில் சொன்னார்கள். நானும் எழுதினேன், ஆனால் தனிச் செய்தியாக, தனி முகவரியில், படமில்லாமல். சாலை திறந்ததற்கு யார் அட்டை போடுவார்கள்? மூடியது பரவியது. திறந்தது அப்படியே கிடந்தது.

வெளியூரில் பட்ட பாடு

சேதி தெரிந்த பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். மற்றப் பொது ஒலிபரப்பாளர்கள் இதே பள்ளத்தில் விழுந்தார்களா, எப்படி ஏறினார்கள் என்று பார்க்க ஆசை.

பி.பி.சி. தனது செய்தித் தளத்தை 1997 நவம்பரில் தொடங்கியது. அதே நவம்பரில்தான் இங்கே பிரசார் பாரதி என்ற பொது ஒலிபரப்பு நிறுவனம் அமைந்து, வானொலியும் தூர்தர்ஷனும் அதன் கீழ் வந்தன. பி.பி.சி.க்கு ஒரு பழைய பயிற்சி இருந்தது. 1974 முதல் சீஃபேக்ஸ் என்ற எழுத்துச் சேவையைத் தொலைக்காட்சித் திரையில் நடத்திவந்தார்கள். ஒரு பக்கத்துக்கு 24 வரி, வரிக்கு 40 எழுத்து. இணையத் தளம் வந்தபோது, ஒரே செய்தி இரண்டு இடத்துக்கும் போக வேண்டும் என்பதால், செய்தியின் முதல் நான்கு பத்திகள் தனியாக நின்றாலே முழுச் செய்தியாக இருக்க வேண்டும் என்று எழுதப் பழகினார்கள். தலைப்பு 33 எழுத்துக்குள். நெருக்கடியில் பிறந்த அந்தப் பழக்கம் பிறகு சின்னத் திரை போன்களுக்குப் பெரிய உதவியானது. 2009-ல் தேடுபொறிகளுக்காக இரண்டு தலைப்பு முறை கொண்டுவந்தார்கள்: முகப்புக்குக் குட்டை, செய்திப் பக்கத்துக்கு நீளம். என் 75 குறிப் பெட்டியை நினைத்துக்கொண்டே இதைப் படித்தேன். இடம் குறைவாக இருப்பது அவர்களுக்கும் எனக்கும் பொது. எதை விடக்கூடாது என்று அவர்கள் முதலிலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தார்கள். நாங்கள் பேசவில்லை.

நீலகிரிக்காரர்களுக்கு பி.பி.சி. என்றால் தமிழோசை. 1941-ல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ல் சிற்றலையில் நின்றது. அதன்பின் முழுக்க இணையம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் 1964 இந்தியா–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டக் குடும்பங்கள் நிறைய. எதிர்வீட்டு அண்ணனின் அம்மாவும் நுவரெலியாப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். இலங்கை வானொலி, தமிழோசை, அப்புறம் கோடை பண்பலை என்று ஒரு ரேடியோ போனால் இன்னொரு ரேடியோவில் வாழ்ந்தவர். அவருக்கு எந்தச் செய்தியைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: “ரேடியோவில சொன்னாங்களா?” சொன்னார்கள் என்றால் உண்மை. சொல்லவில்லை என்றால் பேச்சு. அவர் மகன் அன்றைக்கு மோசம் போனதற்குக் காரணமும் இந்த நம்பிக்கைதான். படத்தில் நீலப் பட்டை இருந்தது, அதனால் ரேடியோவில் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு அதிகம் வலித்தது இந்த இடம்தான். வேறு எந்த வதந்தியாக இருந்தாலும் அவர் இரண்டு பேருக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார்.

ஜெர்மனியில் கதை வேறு மாதிரி. கட்டணப் பணத்தில் நடக்கும் ஒலிபரப்பாளர்கள் இணையத்தில் இலவசமாக எழுதிக் குவித்தால் பத்திரிகைகள் எப்படிப் பிழைக்கும் என்று அங்கே பெரிய வழக்கே நடந்தது. 2009-ல் மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் பல நிகழ்ச்சிகளை ஏழு நாட்களுக்குப் பிறகு இணையத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னது. போட்டதை எடுப்பதற்கென்றே ஒரு சொல்லைப் புதிதாக உண்டாக்கினார்கள். பழைய செய்தி நடமாடித் தொல்லை கொடுக்கிறது என்றால் அழித்துவிடலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது வேலைக்கு ஆகாது. தளத்திலிருந்து எடுத்துவிடலாம், அண்ணனின் போனிலிருந்து எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, தளத்தில் மூலச் செய்தி இருந்தால்தான் சந்தேகப்படுகிறவர் போய்த் தேதியைப் பார்க்க முடியும்.

எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது கனடா. 2023 ஆகஸ்டில் அங்கே, செய்திக்குப் பணம் கொடுக்கச் சொன்ன ஒரு புதிய சட்டத்தை எதிர்த்து மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளையே முடக்கியது. அதே மாதம் வடமேற்குப் பகுதியில் காட்டுத்தீ. ஆகஸ்ட் 16-ஆம் தேதி யெல்லோநைஃப் நகரத்தின் சுமார் 20,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். பொது ஒலிபரப்பாளரான சி.பி.சி.யின் செய்தியை ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாகப் போட்டார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே பெட்ரோல் கிடைக்கிறது என்பதெல்லாம் படமாகச் சுற்றியது. தேதி படத்துக்குள் விழுந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மணிக்கு மணி மாறும் தீயில் நேற்றைய ஸ்கிரீன்ஷாட் எவ்வளவு ஆபத்து என்பதை மழைக்கால மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு செய்தி நிறுவனம் தன் குரலை முழுக்க இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசக்கூடாது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆர். 2023 ஏப்ரலில் ட்விட்டரை விட்டு வெளியேறியது, தன் மேல் ஒட்டப்பட்ட ‘அரசு சார்ந்த ஊடகம்’ என்ற மாதிரியான முத்திரை பிடிக்காமல். அதற்கு முன்பே அவர்கள், ஒரு முறை எழுதினால் எல்லா இடத்துக்கும் போகும்படியான தங்கள் சொந்த ஏற்பாட்டை 2009 வாக்கில் செய்துவைத்திருந்தார்கள். சொந்த வீடு இருந்ததால் திண்ணையை விட்டு இறங்க முடிந்தது.

இங்கேயும் ஆகாசவாணி செய்திகள் செயலியில் கிடைக்கின்றன, யூடியூப்பில் கிடைக்கின்றன, வட்டாரச் செய்தி அறிக்கைகள் ஒலியாகவும் எழுத்தாகவும் இணையத்தில் ஏறுகின்றன. 2024-ல் மட்டும் தூர்தர்ஷன் பொதிகை டி.டி. தமிழ் என்று மாறியது, பிற ஊடகங்களுக்குச் செய்தி கொடுக்கும் ‘ஷப்த்’ சேவை மார்ச்சில் வந்தது, ‘வேவ்ஸ்’ ஓ.டி.டி. நவம்பரில் வந்தது. சொந்த வீடு கட்டும் வேலை நடக்கிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் முழுச் செய்தி அறிக்கையை ஒரே கோப்பாக ஏற்றி வைப்பது பாதி வேலைதான். பத்து நிமிஷ ஒலிக்கோப்புக்குள் ஏழாவது நிமிஷத்தில் வரும் பர்லியார் மண்சரிவை லாரியில் உட்கார்ந்திருப்பவர் எப்படித் தேடுவார்? செய்தியைத் தனித்தனியாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். பிரித்த உடனே என் பிரச்சினை வந்து நிற்கும். பிரிந்த ஒவ்வொரு துண்டும் தன் தேதியைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

குன்னூரில் ஒரு மதியம்

2021 டிசம்பர் 8. காட்டேரிக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் அதில் இருந்தார். 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து இறந்தார். உலகமே எங்கள் மலையைப் பார்த்த நாள் அது.

மதியத்திலிருந்து மாலை வரை எங்கள் போன்களில் வந்தவற்றை நான் மறக்கவே முடியாது. யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று ஆளுக்கு ஒரு கணக்கு. நடுவானில் எரிந்து விழும் ஹெலிகாப்டரின் காணொளி ஒன்று எல்லாக் குரூப்பிலும் வந்தது. அது சிரியாவில் எடுக்கப்பட்ட பழைய காணொளி என்று பிறகு சரிபார்த்துச் சொன்னார்கள். இடம் இல்லை, நாள் இல்லை, அதனால் எந்த ஊருக்கும் எந்த நாளுக்கும் பொருந்தியது. விமானப்படை தன் ட்விட்டர் கணக்கில் முதலில் விபத்தை உறுதி செய்தது, மாலை ஆறு மணியளவில் இறப்பை உறுதி செய்தது. அந்த இரண்டு பதிவுக்கும் மேலே நேரம் இருந்தது. பொது ஒலிபரப்பாளர்கள் மாலை வரை காத்திருந்ததைத் தாமதம் என்று அன்றைக்குக் குறை சொன்னவர்கள் உண்டு. பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த நான்கைந்து மணி நேரத்தைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காத்திருப்பு எங்களுக்குத் தேவையாக இருந்தது. காத்திருக்கும் நேரத்தில், ‘பிற்பகல் 3 மணி நிலவரப்படி உறுதியானது இவ்வளவு, மற்றவை உறுதியாகவில்லை’ என்று தமிழில் ஒரு வரி யாராவது போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மண்டிக் கணக்கு

நான் அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த வரியை எழுதியது நான், தேதி போடாமல் விட்டது நான் என்று. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, மண்டி விலையை எவனாச்சும் தேதி போடாம அனுப்புவானுங்களா?”

தன் போனைத் திறந்து காட்டினார். மண்டியிலிருந்து தினமும் வரும் செய்தி. மேலே தேதி. அதற்குக் கீழே ‘காலை நிலவரம்’. அதற்கும் கீழேதான் கேரட், பீட்ரூட், முள்ளங்கி, முட்டைக்கோஸ். “நேத்து விலைக்கு இன்னைக்கு எவனும் சரக்குப் போட மாட்டான். அதனால தேதி இல்லாம வந்தா பாக்கவே மாட்டோம். ரோடும் அப்படித்தானுங்களே? காலைல இருக்கும், சாயங்காலம் இருக்காது.”

நிலவரம். இவ்வளவு நல்ல சொல் தமிழில் கையருகே கிடந்திருக்கிறது. நிலவரம் என்று சொன்ன உடனே எப்போதைய நிலவரம் என்ற கேள்வி தானாக எழும். செய்தி என்ற சொல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. வானொலித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். எழுத வேண்டியது நிலவரம்.

மறுநாள் எங்கள் அறையில் பேசினேன். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. நான்கு பேர், ஒரு ஹீட்டர், டீ. சாலை, மழை, பள்ளி விடுமுறை, மலை ரயில் ரத்து ஆகிய நான்குக்கும் ‘இன்று’, ‘நாளை’, ‘நேற்று’ என்ற சொற்களைத் தலைப்பிலும் அட்டையிலும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். தேதியும் மணியும் ‘நிலவரம்’ என்ற சொல்லோடு வரும். வடிவமைப்பவருக்கு முதலில் பிடிக்கவில்லை. தேதியைப் படத்தின் மூலையில் சின்னதாகப் போடுகிறேன் என்றார். போட்டார். இரண்டே வாரத்தில் யாரோ மூலையை வெட்டிவிட்டு அனுப்பியதைப் பார்த்தோம். கெட்ட எண்ணத்தில் வெட்டியிருக்க மாட்டார்கள், ஸ்டேட்டஸில் வைக்க அளவு சரியாக வரவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு தேதி வாக்கியத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தது: ‘பர்லியார் அருகே மண்சரிவு, நவம்பர் 14 காலை 6 மணி: சாலை மூடல்.’ எண்ணிப் பார்த்தேன், 59 குறி. தேதியை வெட்ட வேண்டுமென்றால் செய்தியையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

லண்டனின் கார்டியன் பத்திரிகையும் 2019-ல் இதற்குப் பக்கத்திலேயே வந்திருந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். பழைய கட்டுரையைப் பகிர்ந்தால் வருகிற படத்திலேயே அது எந்த வருஷத்துக் கட்டுரை என்று காட்ட ஆரம்பித்தார்கள். 2020-ல் ஃபேஸ்புக், 90 நாளுக்கு மேல் பழைய செய்தியைப் பகிரப் போனால் ஒரு எச்சரிக்கை காட்டியது. இரண்டும் இணைப்புக்கு மட்டும்தான் வேலை செய்யும். எங்கள் ஊரில் இணைப்பைத் தொடுபவர் குறைவு. பர்லியாருக்கும் கல்லாறுக்கும் நடுவே சிக்னல் வந்து வந்து போகும், பக்கம் திறக்காது. படம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதனால் படத்தையே எழுத்தாக்குவது இரண்டாவது முடிவு. சாலைச் செய்திக்கு இனி அட்டை கிடையாது, வெறும் எழுத்து. எழுத்து குறைந்த சிக்னலிலும் போகும், தேடினால் கிடைக்கும், பார்வையில்லாதவரின் போன் அதைப் படித்துக் காட்டும். வாட்ஸ்அப் சேனல் 2023-ல் வந்தபிறகு இன்னொரு வசதி: சேனலில் போட்டதை 30 நாள் வரை திருத்தலாம், ஃபார்வர்டு செய்தாலும் சேனலுக்குத் திரும்பும் வழி அதோடு போகும்.

மூன்றாவது முடிவுக்குத்தான் நிறையச் சண்டை. மூடல் செய்தி எந்த முகவரியில் இருக்கிறதோ அதே முகவரியில் திறப்புச் செய்தியும் வர வேண்டும், மேலே. புதுச் செய்தி என்றால் புதுப் பக்கம், அதில் பார்வை கூடும் என்பது எல்லா அறையிலும் இருக்கும் கணக்கு. நான் விடவில்லை. மூடியதை எழுதிய பக்கத்திலேயே திறந்ததையும் எழுதாவிட்டால் நாம் சாலையை மூடியே வைத்திருக்கிறோம் என்று அர்த்தம் என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வானொலியில் ‘செய்திகள் முடிவடைந்தன’ என்று சொல்வார்களே, அதற்கு ஈடாக இணையத்தில் இருக்கக்கூடியது இது ஒன்றுதான் என்று இன்னும் நினைக்கிறேன்.

இ-பாஸ் விஷயம் வந்தபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது. 2020-ல் கொரோனா காலத்தில் இ-பாஸ் என்று ஒன்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் என்று இன்னொன்று. 2025 ஏப்ரல் 1 முதல் எண்ணிக்கைக் கட்டுப்பாடு: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மூன்றும் ஒரே பெயர். ‘நீலகிரி இ-பாஸ்’ என்று தேடினால் மூன்று காலத்துச் செய்தியும் கலந்து வரும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் தேதி இருந்ததால், கோவையிலிருந்து போன் செய்து குழம்பிய உறவினர்களுக்கு அதையே அனுப்ப முடிந்தது. டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள உள்ளூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் எத்தனை தடவை வேண்டாம் என்று எழுதியிருப்போம்!

குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்தாக மாற்றிய பிறகு பகிர்வு குறைந்தது. படம் கண்ணை இழுக்கும், எழுத்து இழுக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் வயதானவர்களையும் தோட்டத் தொழிலாளர்கள் பலரையும் அது விட்டுவிட்டது. அவர்களுக்காக நாற்பது நொடி ஒலித்துண்டு செய்தோம், முதல் வார்த்தையே தேதி. அது நன்றாகவே எடுபட்டது. ஆனால் ஒலிக்கு ஒரு ஆள் தினமும் உட்கார வேண்டும். மழை அதிகமான நாளில்தான் ஆள் வந்து சேர முடியாது. 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்த நாட்களிலும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோதும், பாட்டரி ரேடியோ வைத்திருந்த வீடுகளே தைரியமாக இருந்தன. இணையத்துக்கு மாறுகிறோம் என்று சொல்லி அந்த அலைவரிசையைக் கைவிட்டால், மழை வலுக்கும் நாளில் எங்களுக்கு ஒன்றுமே இருக்காது. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன்.

அடுத்த மழை

போன நவம்பரில் மறுபடி மழை. அந்தப் பழைய நீலப் பட்டை அட்டை மறுபடி வந்தது. டிரைவர்கள் குரூப்பில் யாரோ போட்டார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, சேனலில் அன்று காலை வந்த நிலவரத்தை அதற்குக் கீழே போட்டார்: சாலை திறந்திருக்கிறது, காலை 5 மணி. யாரும் பதில் எழுதவில்லை. இரண்டு கட்டைவிரல் மட்டும் வந்தது.

அவர் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார், “ரேடியோவில சொன்னாங்களா?”

“சொன்னாங்கம்மா. அஞ்சு மணி நிலவரம்.”

“இப்ப மணி என்ன?”

“அஞ்சே கால்.”

“சரி, போயிட்டு வா.”

அண்ணன் லாரியை எடுத்தார். நான் கேத்தி முக்கு வரைக்கும் நடந்தேன். டீக்கடைக்காரர் வடை விலை எழுதும் கரும்பலகையில், வடை விலைக்கு மேலே சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்: ‘குன்னூர் ரோடு இருக்கு.’ எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். என்னிடம் மணி கேட்டார். பக்கத்தில் 5.20 என்று எழுதினார்.